நாற்பது பக்க நோட்டும் இரண்டு லிட்டர் கிரைண்டரும்

2022 ஜூன் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. துணி ஊற வைக்கும்போது வீட்டுக்காரரின் சட்டைப் பையில் மஞ்சள் அட்டை ஒன்று மடங்கிக் கிடந்தது. விரித்துப் பார்த்தால் முழுக்கக் கட்டம். நாற்பது கட்டங்களில் கிறுக்கலாகக் கையெழுத்து, மீதி அறுபதும் காலி. மேலே 20,000 என்றும் ஓரத்தில் 200 என்றும் எழுதியிருந்தது. தண்டல் அட்டை, தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கட்டும் கடனுக்கானது. கோயம்புத்தூரில் எங்கள் கணபதிப் பக்கம் பட்டறையில் வேலை பார்ப்பவர்கள் பலரிடம் இந்த அட்டையைப் பார்த்திருக்கிறேன். எங்கள் வீட்டுச் சட்டையில் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

கேட்க வாயெடுத்தேன், சத்தம் வரவில்லை. ஏனென்றால் என் கைப்பையிலும் ஒன்று இருந்தது. கிரெடிட் கார்டு ஸ்டேட்மெண்ட், பாக்கி 86,000 ரூபாய். அவருக்குத் தெரியாமல் பத்து மாதமாக மினிமம் டியூ, அதாவது குறைந்தபட்சத் தொகை மட்டும் கட்டி வந்தேன். அவர் ஒன்றை மறைத்தார், நான் ஒன்றை மறைத்தேன். ஒரே வீட்டில் ஒரே கஷ்டத்தை இரண்டு பேரும் தனித்தனியாகச் சுமந்துகொண்டிருந்தோம்.

கடன் வந்த வழி ஊருக்கெல்லாம் தெரிந்த வழிதான். 2020 ஊரடங்கில் பட்டறை மூடி, அவருக்கு மூன்று மாதம் சம்பளம் இல்லை. மறுவருடம் அத்தை, அதாவது அவருடைய அம்மா, குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. ஆபரேஷனுக்கு நகை போனது, பர்சனல் லோன் வந்தது, அதற்குமேல் கைமாற்று. எதுவும் ஆடம்பரத்துக்கு வாங்கியதில்லை. ஆனால் எதற்காக வாங்கினோம் என்று கேட்டு வட்டி குறைவதில்லையே.

அன்று ராத்திரி பிள்ளைகள் தூங்கிய பிறகு, மகனின் பழைய நாற்பது பக்க நோட்டை எடுத்துவைத்து இருவரும் உட்கார்ந்தோம். முதல் அரை மணி நேரம் பேச்சே இல்லை. பிறகு அவர்தான் அட்டையை எடுத்து நோட்டின் மேல் வைத்தார். "திட்டறதுன்னா திட்டிரு. மறைச்சு மறைச்சு எனக்கும் தூக்கம் போச்சு." நான் ஸ்டேட்மெண்டை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தேன். "நான் எப்படிங்க திட்டறது? இதையும் பாருங்க."

நான் பம்பு செட் பாகங்கள் செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவள். எந்த சப்ளையருக்கு எத்தனை நாள் தவணை, எந்தக் கடன் கம்பெனிக்கு நஷ்டம் என்று முதலாளிக்குத் தினமும் எழுதித் தருகிறேன். சொந்த வீட்டுக் கணக்கை ஒருநாளும் அப்படிப் பார்த்ததில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் மனசு வலிக்கிறது.

நோட்டில் எல்லாக் கடனையும் எழுதினோம். நகைக்கடன் ஆறு பவுனுக்கு 1,40,000. பர்சனல் லோனில் மீதி 1,58,000. தெரிந்த பைனான்ஸ்காரரிடம் புரோநோட்டு எழுதி வாங்கியது 1,00,000. கார்டு 86,000. ஸ்கூட்டர் தவணை மீதி 42,000. தண்டல் மீதி 12,000. கூட்டினால் 5,38,000. எங்கள் இருவர் சம்பளமும் சேர்ந்து 41,000. அதில் தவணைக்கும் வட்டிக்கும் மட்டும் மாதம் 24,000 போய்க்கொண்டிருந்தது. வாடகை 7,500. மிச்சத்தில் ஐந்து பேர் சாப்பிட முடியாது. அதனால்தான் ஒவ்வொரு மாதமும் 20 தேதிக்குமேல் மளிகைச் சாமான் கார்டில் ஏறியிருக்கிறது.

இது வரைக்கும் யாரும் செய்வதுதான். எங்களைக் காப்பாற்றியது அடுத்த ஒரு மணி நேரம். ஒவ்வொரு கடனும் ஒவ்வொரு பாஷை பேசும். பாங்கு வருடத்துக்கு 9 சதவீதம் என்கிறது. பைனான்ஸ்காரர் மூணு வட்டி என்கிறார். ஸ்கூட்டர் கடன் கொடுத்தவர் பிளாட் ரேட் பத்து என்றார். தண்டல்காரர் வட்டி என்ற வார்த்தையையே எடுக்கமாட்டார், "பத்தாயிரத்துக்கு ஆயிரத்து ஐந்நூறு பிடித்தம், அவ்வளவுதான்" என்பார். எல்லாவற்றையும் நம் ஊர் வழக்கப்படி, மாதத்துக்கு நூற்றுக்கு எத்தனை ரூபாய் வட்டி என்று ஒரே கணக்குக்கு மாற்றி எழுதினேன்.

தண்டலில் 20,000 என்று எழுதிக் கையில் கொடுத்தது 17,000. தினம் 200 வீதம் நூறு நாளில் 20,000 கட்ட வேண்டும். வட்டி 3,000. ஆனால் 17,000 முழுவதும் நூறு நாளும் நம் கையில் இருப்பதில்லை, தினமும் கரைகிறது. சராசரியாகப் பார்த்தால் பாதி, அதாவது 8,500 ரூபாய்தான் நம்மிடம் இருக்கிறது. 8,500-க்கு நூறு நாளில் 3,000 வட்டி. மாதத்துக்கு ஏறக்குறைய பத்து வட்டி. இதைக் கேட்டதும் அவர் நோட்டைத் தன் பக்கம் திருப்பி, விரலை வைத்து மறுபடி கூட்டிப் பார்த்தார். பத்து வட்டிக்குக் கடன் வாங்கினாயா என்று யாராவது கேட்டிருந்தால் சத்தியம் செய்து மறுத்திருப்பார். இரண்டு வருடமாக ஒரு தண்டல் முடியும் நாளில் அடுத்த தண்டலை வாங்கியிருக்கிறார்.

கார்டுக்கு மாதம் 3.5 சதவீதம். அந்த வட்டிமேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. 86,000-க்கு வட்டி 3,010, ஜிஎஸ்டி 542, ஆக 3,552. நான் கட்டிய மினிமம் டியூ 5 சதவீதம், 4,300. அதாவது மாதம் 4,300 கட்டி அசலில் 748 ரூபாய் குறைத்திருக்கிறேன். அதே மாதம் மளிகைக்கு மறுபடி தேய்த்திருக்கிறேன். பாக்கி வைத்துவிட்டால் புதிதாக வாங்கும் பொருளுக்கு அந்த 45 நாள் வட்டியில்லாச் சலுகையும் கிடையாது, வாங்கிய அன்றே வட்டி ஓடத் தொடங்கும். இதுவும் அன்றைக்குத்தான் ஸ்டேட்மெண்டின் பின்பக்கம் படித்துத் தெரிந்துகொண்டேன். ஆக, கார்டு நாலு வட்டிக்கு மேல்.

ஸ்கூட்டர் கடன் பிளாட் ரேட் பத்து என்றால் வருடத்துக்குப் பத்து சதவீதம் என்று நினைத்திருந்தோம். 70,000-க்கு இரண்டு வருடத்துக்கு 14,000 வட்டி போட்டு மாதம் 3,500 தவணை. அசல் குறைந்துகொண்டே வந்தாலும் வட்டி முழு எழுபதாயிரத்துக்கும் ஓடும். சரியாகப் போட்டால் ஒன்றரை வட்டி, வருடத்துக்குப் பதினெட்டு சதவீதம். பர்சனல் லோன் 16 சதவீதம், ஆனால் குறையும் அசலுக்குத்தான் வட்டி, ஒன்றேகாலுக்குச் சற்று மேல். நகைக்கடன் முக்கால் வட்டி.

எழுதி முடித்துப் பார்த்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. நான் ராத்திரி பகலாகக் கவலைப்பட்டது நகையைப் பற்றித்தான். விசேஷத்துக்குப் போனால் கழுத்தைப் பார்ப்பார்களே என்று. நகையை மீட்பதற்கென்றே பாங்கில் மாதாமாதம் சேமிக்கும் ஆர்டியில் 1,000 வீதம் போட்டு 14,000 சேர்த்திருந்தேன். அரை வட்டி தரும் ஆர்டியில் காசைப் போட்டுக்கொண்டே நாலு வட்டிக் கடனை வளர்த்திருக்கிறேன். எங்கள் பயம் ஒரு வரிசையில் நின்றது, வட்டி அதற்கு நேர்தலைகீழான வரிசையில் நின்றது.

நகைக்கடன்தான் மலிவு என்றால், மலிவான கடனை வாங்கி விலை அதிகமான கடனை அடைக்கலாம். வீட்டில் மிச்சமிருந்த பவுன் என் தாலிக்கொடி மட்டும், நாலு பவுன். இரண்டு நாள் அதை அவரைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் காலை அத்தை வாக்கரைப் பிடித்துக்கொண்டு சமையலறை வாசலில் வந்து நின்றார். வீட்டுக்காரர்தான் சொல்லியிருக்க வேண்டும். "மஞ்சக்கயித்துல கோத்துப் போட்டுக்க கண்ணு. எங்கம்மாளுக்கெல்லாம் சாகற வரைக்கும் கயிறுதான். பவுனா தாலி? எனக்காகப் பட்ட கடன், இதுல நீ மனசு உடையக் கூடாது." அத்தையே மஞ்சள் கிழங்கு உரசி, கயிற்றில் தடவி, முடிச்சுப் போட்டுக் கட்டிவிட்டார். அந்த ஈர மஞ்சளின் வாசனை இப்போதும் எனக்கு நினைவில் இருக்கிறது.

அப்போது பவுன் 38,000 சொச்சம். நகை மதிப்பில் 75 சதவீதம் வரை அன்றைக்குப் பாங்கில் தந்தார்கள். எங்களுக்குத் தேவையான 88,000 மட்டும் வாங்கினேன். நகை மதிப்பீட்டாளர் "இன்னும் இருபதாயிரம் வரும், எடுத்துக்கறீங்களா" என்றார். வேண்டாம் என்று சொல்லச் சங்கடமாகத்தான் இருந்தது, சொல்லிவிட்டேன். அன்றே கார்டு பாக்கியை முழுக்கக் கட்டினேன். மாதம் 3,552 வட்டி போன இடத்தில் இப்போது 660.

இதில் ஒரு எச்சரிக்கை சொல்ல வேண்டும், இதைப் படித்து யாராவது நகையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடக் கூடாது என்பதற்காக. கார்டை அடைத்துவிட்டு அதையே பையில் வைத்திருந்தால் ஆறு மாதத்தில் மறுபடி நிறையும். அப்போது நகையும் இருக்காது, கடனும் இரட்டிப்பாக இருக்கும். அதனால் கார்டை மூடச் சொல்லி எழுதிக் கொடுத்தேன். பாக்கி இல்லாத கார்டை மூடச் சொன்னால் ஏழு வேலை நாளுக்குள் மூட வேண்டும், தாமதித்தால் நாளொன்றுக்கு 500 ரூபாய் நமக்குத் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதி 2022 ஜூலை முதல் இருக்கிறது. அதைச் சொன்ன பிறகுதான் போனில் பேசியவர் அடுத்த ஆஃபரைப் பற்றிப் பேசுவதை நிறுத்தினார். மூடியதற்கான கடிதத்தைக் கேட்டு வாங்கி நோட்டில் ஒட்டினேன்.

தண்டலை என்ன செய்வது? பத்து வட்டியாயிற்றே, முதலில் அதைத்தானே அடைக்க வேண்டும் என்று ஆர்டியை உடைக்கப் போனேன். அவர் தண்டல்காரரிடம் கேட்டுவிட்டு வந்தார். 12,000 மொத்தமாகக் கொடுத்தாலும் ஒரு ரூபாய்கூடக் குறைக்க மாட்டாராம். வட்டியைத்தான் முன்கூட்டியே பிடித்துவிட்டாரே. அப்படியென்றால் அவசரப்பட்டு அடைப்பதில் நமக்கு ஒரு லாபமும் இல்லை. அறுபது நாள் பல்லைக் கடித்துக் கட்டி முடிப்பது, அறுபத்தோராம் நாள் புதிதாக வாங்காமல் இருப்பது, இதுதான் வழி. ஸ்கூட்டர் கடனும் அப்படியே, முன்னால் முடித்தால் அபராதம் கேட்டார்கள், அதன் போக்கில் ஓடட்டும் என்று விட்டோம். எந்தக் கடனை முதலில் அடைப்பது என்று பார்க்கும்போது வட்டி எவ்வளவு என்பதோடு, இன்று அடைத்தால் எவ்வளவு மிச்சம் என்றும் கேட்க வேண்டும்.

ஆர்டியின் 14,000 அப்படியே இருக்கட்டும் என்று முடிவெடுத்தோம். கடன் இருக்கும்போது கையிருப்பு எதற்கு என்று பலர் சொல்வார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அந்த ஆகஸ்டில் மகனுக்கு டெங்கு காய்ச்சல். நாலு நாள் ஆஸ்பத்திரி. அந்த 14,000 இல்லையென்றால் மறுபடி மஞ்சள் அட்டைதான். தண்டலை நிறுத்துவது மன உறுதி என்று சொல்லலாம், எங்கள் வீட்டில் அதை நிறுத்தியது அந்த ஆர்டிப் பணம்.

கார்டு அடைபடும் முன் ஒரு மாதம் தவணை தவறியிருந்தேன். வசூல் ஆள் ஒருவர் ராத்திரி எட்டே முக்காலுக்கு என் அப்பாவுக்குப் போன் செய்து என்னைப் பற்றித் தரக்குறைவாகப் பேசினார். அப்பா பொள்ளாச்சியில் தனியாக இருக்கிறவர். இரண்டு நாள் சாப்பிடவில்லை என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னார். காலை 8 மணிக்கு முன்னாலும் இரவு 7 மணிக்குப் பின்னாலும் வசூலுக்காக அழைக்கக் கூடாது, குடும்பத்தாரைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று ரிசர்வ் வங்கியின் உத்தரவு இருக்கிறது. இது எனக்கு அப்போது தெரியாது. தெரிந்த பிறகு, தேதி, நேரம், எண் எல்லாம் எழுதிப் பாங்குக்குப் புகார் அனுப்பினேன். 30 நாளில் சரியான பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், விவரம் கேட்க 14448 என்ற எண் இருக்கிறது. எனக்கு அது வரை போகத் தேவைப்படவில்லை, பாங்கிலிருந்து மன்னிப்புக் கேட்டு மெயில் வந்தது. அப்பாவிடம் அதைத் தமிழில் படித்துக் காட்டினேன். கடன் வாங்கியவர்களுக்கு மானம் இல்லை என்று நினைத்துப் பேசுபவர்களைக் கண்டு யாரும் ஒடுங்கிப் போக வேண்டியதில்லை.

அடுத்து பைனான்ஸ்காரரின் மூணு வட்டி. மாதம் 3,000 வட்டி மட்டும் போகிறது, ஒரு லட்சம் ஒரு லட்சமாகவே நிற்கிறது. அசலில் 25,000-க்குக் குறையாமல் கொடுத்தால்தான் வரவு வைப்பேன் என்றார். தண்டல் முடிந்து, கார்டு போய், செலவுக்குப் பிறகு மாதம் மூவாயிரம்தான் எங்களிடம் மிஞ்சியது. அதை வைத்து 25,000 சேர எட்டு மாதம் ஆகும். அதற்குள் வட்டியே 24,000. இங்கேதான் கூடுதல் வருமானம் அவசியமானது.

முதல் முயற்சியில் ஏமாந்து போனேன். வீட்டிலிருந்தே டைப் செய்யும் வேலை, மாதம் 15,000 என்று வாட்ஸ்அப்பில் வந்தது. பதிவுக் கட்டணம் 2,500 கட்டினேன். அதற்குப் பிறகு பிழை அதிகம், அபராதம் கட்டு, இல்லாவிட்டால் கேஸ் போடுவோம் என்று மிரட்டினார்கள். அன்றே சைபர் குற்றப் புகார் எண் 1930-க்கு அழைத்துப் புகார் கொடுத்தேன். பணம் திரும்பவில்லை, மிரட்டல் நின்றது. வேலை தருகிறவர் நம்மிடம் முன்பணம் கேட்டால் அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிட வேண்டும். அதேபோல ஏழு நாள் கடன் தரும் ஆப்கள். எங்கள் கம்பெனிப் பெண் ஒருத்தி 5,000-க்காக அதில் மாட்டி, அவள் போனிலிருந்த எண்களுக்கெல்லாம் அவள் படத்தை அசிங்கப்படுத்தி அனுப்பினார்கள். நம் காண்டாக்டையும் போட்டோவையும் பார்க்க அனுமதி கேட்கும் கடன் ஆப்பை இன்ஸ்டால் செய்யாதீர்கள். எவ்வளவு நெருக்கடி என்றாலும் வேண்டாம்.

சேலை வாங்கி விற்றுப் பார்த்தேன். எல்லோரும் கடனுக்குக் கேட்டார்கள். தெரிந்தவர்களிடம் வசூலுக்கு நிற்பது எனக்கு ஆகவில்லை, இரண்டு மாதத்தில் விட்டேன்.

இட்லி மாவு விற்கும் யோசனை அத்தையுடையது. எங்கள் லைன் வீட்டில் பதினாறு குடும்பம். பாதிப்பேர் மில்லுக்கோ பட்டறைக்கோ போகிறவர்கள், மாவு ஆட்ட நேரமில்லை, கடை மாவு வாங்குகிறார்கள். "நம்மூட்டு மாவு நல்லாருக்குன்னு எல்லாரும் சொல்றாங்கல்ல, அதையே குடு" என்றார். வீட்டில் இருந்தது இரண்டு லிட்டர் டேபிள் டாப் கிரைண்டர், என் கல்யாணச் சீர்.

நாலு கிலோ இட்லி அரிசி, ஒரு கிலோ உளுந்து, கொஞ்சம் வெந்தயம். அரிசி 152, உளுந்து 125, வெந்தயம், உப்பு, கரண்டு, கவர் எல்லாம் சேர்ந்து 23. மொத்தம் 300 ரூபாய். வரும் மாவு 12 கிலோ. கிலோ 40 என்று விற்றால் 480. கிடைப்பது 180. ஒரு கிலோவுக்கு 15 ரூபாய். இந்தக் கணக்கை முதல் நாளே எழுதிவிட்டேன். சேலை விற்றபோது இதை எழுதாமல்தான் லாபம் வருவதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

உளுந்தை முதலில் போட வேண்டும். ஊற வைத்த தண்ணீரை ஃப்ரிட்ஜில் குளிர வைத்து, அதையே கை கையாகத் தெளித்துத் தெளித்து முப்பத்தைந்து நிமிடம். கிரைண்டரின் சத்தம் மாறும், முதலில் கரகரவென்று இருப்பது பொதபொதவென்று ஆகும். ஒரு துளியைத் தண்ணீர்க் கிண்ணத்தில் விட்டுப் பார்ப்பார் அத்தை. மிதந்தால் எடு, மூழ்கினால் இன்னும் ஐந்து நிமிடம். அரிசியை ரவைப் பதத்தில் நிறுத்த வேண்டும். கலக்குவதற்கு மட்டும் கரண்டி கூடாது, கையால்தான். வேலை முடிந்து ஆறு மணிக்கு வந்து உட்கார்ந்தால் இரண்டு லிட்டர் கிரைண்டரில் ஐந்து ஈடு ஆட்டி முடிக்க ஒன்பதரை ஆகும். அவர் கவரில் நிரப்புவார், மகள் எடை போடுவாள், அத்தை நாற்காலியில் இருந்தபடியே பதம் பார்ப்பார்.

ஆரம்பத்தில் இரண்டு மளிகைக் கடைக்கும் போட்டோம். விற்காததைத் திருப்பிக் கொடுத்தார்கள். திரும்பிய மூன்று கிலோ மாவு அன்றைய லாபம் முழுவதையும் சாப்பிட்டுவிடும். ஒரு மாதத்தில் கடையை நிறுத்தி, முன்பதிவு மட்டும் என்று வைத்தோம். காலை ஒன்பது மணிக்குள் வாட்ஸ்அப்பில் சொன்னவர்களுக்கு மட்டும்தான் அரிசி ஊறும். பாத்திரம் கொண்டுவந்தால் கிலோவுக்கு ஒரு ரூபாய் குறைவு. கடன் கிடையாது என்பதை முதல் நாளே பலகையில் எழுதி மாட்டினார் வீட்டுக்காரர். சாப்பாட்டுப் பொருள் விற்பதால் உணவுப் பாதுகாப்புப் பதிவும் எடுத்துக்கொண்டேன். அப்போது வருடத்துக்கு 12 லட்சத்துக்குள் விற்பனை இருந்தால் சாதாரணப் பதிவே போதுமாக இருந்தது, கட்டணம் வருடத்துக்கு 100 ரூபாய்தான். வீட்டுத் தொழில்தானே என்று பலரும் இதை விட்டுவிடுகிறார்கள், விடக் கூடாது.

2023 ஏப்ரலில் ஒரு அடி. சித்திரை வெயிலில் மாவு ராத்திரியே பொங்கி வழிந்து, காலையில் பன்னிரண்டு கிலோவும் புளித்துப்போனது. வாங்கியவர்கள் வீட்டிலும் அதே கதை. அத்தனை பேருக்கும் காசைத் திருப்பிக் கொடுத்தோம். அதற்குப் பிறகு கோடையில் ஊறும் நேரத்தைக் குறைத்தோம், ஐஸ் தண்ணீர் விட்டோம், உப்பை அவரவர் வீட்டில் சேர்த்துக்கொள்ளச் சொன்னோம். திருப்பிக் கொடுத்த 480 ரூபாயால் ஒரு வாடிக்கையாளர்கூடப் போகவில்லை.

மாவுப் பணம் சம்பளக் கணக்கில் சேர்ந்தால் கரைந்துவிடும் என்று தெரியும். அதற்கென்று ஏடிஎம் கார்டு வாங்காமல் தனியாக ஒரு கணக்கு. அவர் ஞாயிற்றுக்கிழமைகளில் வேறொரு பட்டறையில் பீஸ் ரேட்டுக்கு லேத் ஓட்டினார், மாதம் இரண்டாயிரம் வரும், அதுவும் அங்கேயே. 25,000 சேர்ந்ததும் பைனான்ஸ்காரரிடம் போய்க் கொடுத்து, புரோநோட்டின் பின்பக்கம் வரவு எழுதிக் கையெழுத்து வாங்குவோம். வாயால் "வரவு வெச்சுக்கறேன்" என்பதை ஏற்கவே இல்லை. மீதி அசலுக்குத்தான் இனி வட்டி என்பதையும் அதிலேயே எழுத வைத்தேன். 2022 நவம்பரில் முதல் தவணை, 2023 ஆகஸ்டில் கடைசி. நோட்டைக் கையில் வாங்கி, வீட்டுக்கு வந்துதான் கிழித்தோம்.

அந்த முதல் 25,000 சேர்ந்த நவம்பரில்தான் பெரிய சோதனை. நாத்தனார் மகளுக்குத் திரட்டி, பூப்பு நீராட்டு விழா. தாய்மாமன் சீர் எங்கள் பொறுப்பு. ஒரு பவுனாவது போட வேண்டும் என்று பேச்சு. அவர் முகம் இருண்டுவிட்டது, எனக்குத் தெரியாமல் எங்காவது கடன் கேட்டுவிடுவாரோ என்று பயந்தேன். இருவரும் நேரில் போய் நாத்தனாரிடம் நோட்டையே விரித்துக் காட்டினோம். பட்டுப்பாவாடை, தட்டு வரிசை, ரொக்கம் 5,000, இதுதான் முடியும் என்று அவர் சொன்னபோது குரல் நடுங்கியது. நாத்தனார் ஒன்றும் பேசவில்லை. ஆறு மாதம் எங்களிடம் பேசவேயில்லை. அது எனக்கு மிகவும் வலித்தது. ஆனாலும் அன்று கடன் வாங்கிச் சீர் செய்திருந்தால் தண்டல் அட்டை திரும்பியிருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. சொந்தத்துக்குச் செய்வது கடமைதான், மூணு வட்டிக்கு வாங்கிச் செய்வது கடமை ஆகாது. நாத்தனார் இப்போது பேசுகிறார். போன வருடம் அவரே கேட்டார், "அந்த நோட்டு எப்படி எழுதறதுன்னு எனக்கும் சொல்லுங்க அண்ணி."

ஸ்கூட்டர் தவணை முடிந்த கையோடு, 2023 ஜூலையில், 8,500-க்குப் பழைய ஐந்து லிட்டர் சாய்ப்புக் கிரைண்டர் வாங்கினோம். கடன் வாங்காமல், மாவுக் கணக்கிலிருந்தே. அதற்குப் பிறகு தினம் 24 கிலோ. ஆறரை மணிக்குத் தொடங்கினால் எட்டரைக்குள் முடிந்துவிடும். கரண்ட் பில் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் ஸ்லாப் மாறி எகிறும் என்பதால் அதையும் நோட்டில் எழுதிக்கொண்டே வந்தோம். மாதம் எட்டாயிரத்துக்குக் குறையாமல் நின்றது.

2024 ஜனவரியில், பொங்கலுக்கு முதல் வாரம், தாலிக்கொடியை மீட்டேன். அதற்குள் பவுன் 46,000-ஐத் தாண்டியிருந்தது. அதே மதிப்பீட்டாளர், "இப்போ வெச்சா இதுக்கே ஒண்ணேகால் லட்சத்துக்கு மேல கிடைக்கும்" என்றார். விலை ஏறினால் நமக்கு நகை கூடவில்லை, கடன் வாங்கும் அளவுதான் கூடுகிறது. கும்பிட்டுவிட்டு வந்தேன். அத்தைதான் கயிற்றை அவிழ்த்துக் கொடியைப் போட்டுவிட்டார், அந்தக் கயிற்றைத் துளசிச் செடியில் கட்டி வைத்தார்.

பர்சனல் லோன் 2024 செப்டம்பரில் கடைசித் தவணையோடு முடிந்தது. பாக்கியில்லாச் சான்று வாங்கி, நம் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் அது 'குளோஸ்டு' என்று வந்திருக்கிறதா என்று பார்த்தேன். வருடத்துக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகவே எடுக்கலாம். பாதி கட்டினால் போதும் என்று 'செட்டில்மெண்ட்' ஆசை காட்டுவார்கள், அறிக்கையில் 'செட்டில்டு' என்று விழுந்தால் அடுத்த கடன் கேட்கும்போது அது பல வருடம் முன்னால் வந்து நிற்கும். வேறு வழியே இல்லாதவர்களுக்குத்தான் அது.

இந்த உழைப்புக்கும் ஒரு விலை இருந்தது, அதைச் சொல்லாமல் விடக் கூடாது. எனக்கு முதுகுவலி வந்துவிட்டது. மகள் பத்தாவது படித்த வருடம் முழுக்க மாலையில் அவளோடு உட்கார எனக்கு நேரமில்லை. அவள் எடை போட்டுக்கொண்டே பாடம் ஒப்பிப்பாள், நான் உளுந்தைத் தள்ளிக்கொண்டே கேட்பேன். லோன் முடிந்ததும் வாரத்துக்கு நாலு நாள் என்று குறைத்துக்கொண்டோம். வருமானம் குறைந்தது தெரிந்தேதான்.

போன வாரம் எதிர்வீட்டுப் பெண் மாவு வாங்க வந்தவள் தயங்கித் தயங்கி நின்றாள். சேலைத் தலைப்பில் முடிந்து வைத்திருந்த அட்டையை எடுத்தாள். அதே மஞ்சள். உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்து, கையில் எவ்வளவு வந்தது, தினம் எவ்வளவு, எத்தனை நாள் என்று மூன்றையும் எழுதச் சொன்னேன். வேறு என்னென்ன இருக்கிறது, அதையும் எடுத்துவா என்றேன். மறுநாள் வீட்டுக்காரரையும் அழைத்துக்கொண்டு வந்தாள்.

எங்கள் நோட்டில் இப்போது ஒரே ஒரு வரி மிச்சம். ஆறு பவுனில் ஆரத்தை மீட்டாயிற்று, இரண்டு பவுன் வளையல் 45,000-க்கு இன்னும் பாங்கில் இருக்கிறது. முக்கால் வட்டி. இந்த ஜூனில் மகள் கல்லூரியில் சேர்கிறாள், முதலில் அவளுடைய ஹாஸ்டல் பணம். வளையல் தீபாவளிக்குப் பிறகு.